பாத்திரம் உறையும் இடம்: பலர் ஆடும் கணனி விளையாட்டின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

உலாவியிற் பலர் ஒருங்கே ஆடும் விளையாட்டில் ஆட்டக்காரனுடைய பாத்திரம் அவன் கண்முன்னே திரையில் நடமாடுகின்றது. ஆயினும் அது அவனுடைய கணனியில் இருப்பதில்லை. அதன் பெயர், வலிமை, உடைமை ஆகிய யாவும் தொலைவிலுள்ள சேவையகத்தில் உறைகின்றன. ஆட்டக்காரன் அனுப்புவது விண்ணப்பம் மாத்திரமே; ஏற்பதும் மறுப்பதும் சேவையகத்தின் செயல். ஏமாற்றுவோரைத் தடுக்கும்பொருட்டே இவ்வொழுங்கு வகுக்கப்பட்டதெனப் பொதுவாகக் கூறுவர். இக்கூற்று இன்றைய நிலைக்குப் பொருந்துமேயன்றி அதன் தோற்றத்துக்குப் பொருந்தாது.

1978 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவரான றோய் ட்றப்ஷோ ‘மட்’ என்னும் விளையாட்டை எழுதத் தொடங்கினார். அங்கிருந்த பி.டி.பி.-10 கணனியில் பல செய்நிரல்கள் நினைவகத்தின் ஒரே பகுதியைப் பகிர்ந்து, அதில் எழுதவும் முடிந்தது. அவ்வசதியைச் சோதிக்கும் சிறு முயற்சியாகவே முதல் வடிவம் அமைந்தது. ஆட்டக்காரர் முன்னிருந்தவையோ தாமாக எதனையும் கணிக்கவியலாத முனையங்கள். அவை விசையில் அழுத்திய எழுத்தை அனுப்பும். வந்த எழுத்தைக் காட்டும். எனவே பாத்திரத்தை மத்திய கணனியிலன்றி வேறெங்கும் வைத்தல் இயலாததாயிற்று. இதில் நம்பிக்கை, அவநம்பிக்கை என்னும் வினாவுக்கே இடமில்லை. 1980 இல் இவ்வாக்கத்தின் பொறுப்பு றிச்சாட் பார்ட்டிலிடம் சென்றது. புதையலைச் சதுப்பு நிலத்தில் இட்டுப் புள்ளி பெற்று, படிப்படியாக மந்திரவாதி நிலையை எய்தும் முறை அவ்விளையாட்டில் இருந்தது.

வினா பின்னரே எழுந்தது. 1986 இல் அமெரிக்காவின் லூக்காஸ்பிலிம் நிறுவனம் கொமடோர் 64 என்னும் வீட்டுக் கணனிக்காக ‘ஹபிற்றாற்’ என்ற உலகை இயக்கிப் பார்த்தது. முனையம் போலன்றி இக்கணனி தானே கணிக்க வல்லது; ஆதலின் பொய்யும் கூற வல்லது. இதனை ஆக்கியோரான மோணிங்ஸ்ரார், ஃபாமர் ஆகிய இருவரும் 1990 இல் வெளியிட்ட கட்டுரையில், ஆட்டக்காரர் கையிலுள்ள இயந்திரத்தை நம்புதல் கூடாது என்பதைத் தாம் கற்ற பாடங்களுள் ஒன்றாகக் கூறினர். பாத்திரத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘அவதார்’. இறங்கி வருதல் என்னும் பொருளுடைய வடமொழிச் சொல் அது. சேவையகத்திலிருந்து திரைக்கு இறங்கும் உருவுக்கு அது பொருத்தமான பெயரே.

ஆயினும் சேவையகத்தைச் சார்ந்திருத்தல் மாத்திரம் போதாதென்பதற்கும் ஹபிற்றாற்றே சான்று. அங்கே ஒரு பொறி பொம்மையை 75 நாணயத்துக்கு விற்றது. பிறிதொன்று அதனை 100 நாணயத்துக்கு வாங்கியது. வேறோரிடத்தில் 18,000 நாணயத்துக்குக் கிடைத்த பளிங்குக் கோளம் 30,000 நாணயத்துக்கு ஏற்கப்பட்டது. சிலர் இரவெல்லாம் இவற்றை வாங்கி விற்றனர். விடிந்தபோது அவ்வுலகின் பணத்தொகை ஐந்து மடங்காகியிருந்தது. விதியை எவரும் மீறவில்லை, விதியே பிழையாயிருந்தது.

பாத்திரத்தைச் செய்நிரலாக எழுதும் முறை 1989 இல் சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் பென்ஷோ ஆக்கிய ‘எல்.பி.மட்’ இல் தெளிவுற்றது. அங்கே இயக்கியும் உலகும் வேறுவேறாயின. ஒருவர் உள்நுழைந்ததும், பாத்திரத்துக்கென எழுதப்பட்ட ஒரே மூலக்கோப்பிலிருந்து அவருக்கெனப் பிரதியொன்று தோற்றுவிக்கப்பட்டது. ‘இதயத்துடிப்பு’ எனப் பெயர்பெற்ற செயற்கூறு குறித்த இடைவெளிதோறும் அழைக்கப்பட, காயம் ஆறுதலும் போர் தொடர்தலும் நிகழ்ந்தன. அவர் நீங்கியதும் அப்பிரதி அழிந்தது. சேமிக்கவேண்டாதனவெனக் குறிக்கப்படாத மாறிகளின் பெறுமானங்கள் மாத்திரம் கோப்பில் எஞ்சின. எவை எஞ்சவேண்டும் என்பதை முடிவுசெய்தவர் செய்நிரலாளரே. பாத்திரத்தின் அடையாளம் பற்றிய முடிவு இவ்வாறு ஓர் அறிவிப்புச் சொல்லில் அடங்கியது என்பது மெய்யியல் மாணவரும் கருதத்தக்கது.

2001 ஜனவரியில் ‘றூன்ஸ்கேப்’ வெளியானபோது உலாவியினுள்ளே ஜாவா மொழியிலான சிறு செய்நிரல் இயங்கியது. முப்பரிமாணக் காட்சி ஆட்டக்காரனுடைய கணனியில் வரையப்பட்டது. பாத்திரமோ நிறுவனத்தின் சேவையகத்திலேயே இருந்தது. எசெக்ஸ் முனையத்தில் வேறுவழியின்றி ஏற்பட்ட ஒழுங்கு இங்கே விரும்பி மேற்கொள்ளப்பட்டது. அதன் விலையை ஆட்டக்காரர் பின்னர் செலுத்தினர். அவ்விளையாட்டின் தொன்மையான வடிவத்தை நிறுவனம் 2018 ஆகஸ்ற் 6 ஆந் திகதி நிறுத்தியது. ஆண்டுக்கணக்கில் வளர்த்த பாத்திரங்களை ஆட்டக்காரர் அதன்பின் அங்கே சென்று காணமுடியவில்லை; தம் கணனியில் அவர்களிடம் இருந்தது வரையும் கருவி மாத்திரமே.