தோட்டக்காரரின் மைந்தன்



கோல்ப் என்பது செல்வரின் ஆட்டமென்றே பலரும் எண்ணுவர். பரந்த புற்றரையில் அமைந்த பதினெட்டுக் குழிகளிலும் மிகக் குறைந்த அடிகளில் பந்தை இட்டவரே வென்றவர். விதி எளிது, ஆயின் அதற்கு வேண்டிய நிலமோ எளியோர்க்குக் கிட்டுவதன்று. தொடக்கத்தில் நிலைமை இவ்வாறிருக்கவில்லை. குடிமக்கள் வில்வித்தையை மறந்து இவ்வாட்டத்தில் மூழ்கிவிடுவரென அஞ்சி, ஸ்கொத்லாந்து அரசு 1457ஆம் ஆண்டில் இதனைத் தடைசெய்தது. பொதுமக்கள் விரும்பியமையால் விலக்கப்பட்ட ஆட்டம், பிற்காலத்தில் பொதுமக்கள் புகவியலாத வேலிகளுக்குள் அடங்கிற்று. அவ்வேலியொன்றைத் தாண்டிய இளைஞர் ஒருவரின் வரலாற்றையே இன்று கூறப்புகுகின்றேன்.

ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்தன் நகருக்கு அண்மையில் புறூக்லைன் என்னும் ஊர் உளது. அங்கே 1882இல் செல்வந்தர் சிலர் நாட்டுப்புறக் கழகமொன்றை நிறுவினர். 1893இல் அங்கே கோல்ப் திடல் தோன்றிற்று. அத்திடலின் 17ஆம் குழிக்கு எதிரே, வீதியின் மறுபுறத்தில், தோட்டக்காரர் ஒருவரின் எளிய இல்லம் இருந்தது. அவர் மைந்தரே பிரான்சிஸ் வீமெற். பாடசாலைக்குத் திடலின் குறுக்கே நடந்து சென்ற அச்சிறுவர், தவறிக்கிடந்த பந்துகளைப் பொறுக்கிச் சேர்த்தார். பின்னர் ஆடுவோரின் கோற்பையைச் சுமந்தார். அவர்கள் ஆடுவதைக் கண்டே ஆடக் கற்றார்.

1913ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கப் பகிரங்கப் போட்டி அத்திடலிலேயே நிகழ்ந்தது. பிரித்தானியப் பகிரங்கப் போட்டியில் அதுவரை ஐந்து முறை வென்றிருந்த ஹரி வார்டனும், 1912இல் அதனை வென்ற எட்வேட் ரேயும் கடல் கடந்து வந்திருந்தனர். இருவரும் தொழின்முறை ஆட்டக்காரர். இருபதே வயதான வீமெற்றோ ஊதியம் கருதாது ஆடியவர். நான்கு சுற்றுகளின் முடிவில் மூவரும் 304 அடிகள் பெற்றுச் சமநிலையில் நின்றனர்.

செப்டெம்பர் 20ஆம் நாள், மழையில் நனைந்த திடலில் மூவரும் மீண்டும் மோதினர். வீமெற்றின் கோற்பையைச் சுமந்தவன் எடி லவரி என்னும் பத்து வயதுப் பாலகன். அவனுக்குப் பதிலாக வளர்ந்த ஒருவரை அமர்த்துமாறு கூறப்பட்டும் வீமெற் இசைந்திலர். முதல் ஒன்பது குழிகளை மூவரும் 38 அடிகளில் முடித்தனர். 17ஆம் குழியில், குறுக்குவழி நாடிய வார்டனின் பந்து மணற்குழியில் வீழ்ந்தது. தம் வீட்டு வாயிலுக்கு எதிரேயுள்ள அக்குழியை வீமெற் மூன்றே அடிகளில் முடித்தார். இறுதியில் வீமெற் 72, வார்டன் 77, ரே 78.

வெற்றி கிட்டியதும் வேலி முற்றாக வீழ்ந்துவிடவில்லை. விளையாட்டுப் பொருள் வணிகத்தில் ஈடுபட்டாரென்று கூறி, 1916இல் அமெரிக்கக் கோல்ப் சங்கம் அவரது தொழின்முறை சாராதார் என்னும் தகுதியைப் பறித்தது. பிழைப்புக்கென உழைக்கத் தேவையற்றோர்க்கு இவ்விதி இடராகாது. தோட்டக்காரரின் மைந்தருக்கே அது இடராயிற்று. 1918இல் தகுதி மீண்டது. 1951இல், ஸ்கொத்லாந்தின் சென் அன்றூஸ் கழகத்துக்கு, பிரித்தானியர் அல்லாத முதல் தலைவராக அவர் தெரிவானார்.

இப்பட்டங்களினும் நிலைத்தது பிறிதொன்றுண்டு. கோற்பை சுமக்கும் பிள்ளைகளின் உயர்கல்விக்கென அவர் பெயரால் 1949இல் ஒரு நிதியம் தொடங்கப்பட்டது. அது இன்றும் நடைபெறுகின்றது. ஒருவர் தாமாக வேலியைத் தாண்டுவது அரிய செயல்; பின்வருவோர்க்கு அவ்வேலியிலே வாயில் அமைவது அதனினும் பயனுடைத்து.