சுசீந்திரம் கோயிலுக்கு யார் பங்கு கட்டுறது?

நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்தா வாடகையை எப்படிப் பிரிப்பீங்க? எல்லாருக்கும் சமமாவா, அவங்கவங்க சம்பளத்தைப் பார்த்தா?

ஐ.நா. சபைக்கும் இதே கேள்விதான். அங்கே ஒவ்வொரு நாட்டின் வருமானத்தைப் பார்த்துப் பங்கு போடுறாங்க. உச்சவரம்பு 22 சதவீதம், குறைந்தது 0.001 சதவீதம். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கு மாறும்.

இதைப் படிச்சப்போ எனக்கு சுசீந்திரம்தான் ஞாபகம் வந்துச்சு. தாணுமாலயன் கோயிலுக்கு ஒரு காலத்துல சொந்த வயல் இருந்தது. விளைஞ்ச நெல்லுல பூஜை நடந்தது. 1811-ல் திருவிதாங்கூர் திவானான கர்னல் மன்றோ, நூற்றுக்கணக்கான கோயில்களின் சொத்தை அரசாங்கத்தோட சேர்த்தார். சுசீந்திரமும் அதில் ஒண்ணு. நிலம் அரசுக்கு, கோயில் செலவும் அரசு பொறுப்பு. அதுதான் ஏற்பாடு.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி நம்ம பக்கம் வந்தது. கோயில்களும் கூடவே வந்தன. இப்போ அந்தப் பழைய பொறுப்பை எந்த மாநிலம் ஏத்துக்கும்? அரசியலமைப்பிலேயே எழுதி வெச்சாங்க, 290ஏ பிரிவு. திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கு கேரளா வருஷம் 46.5 லட்சம் ரூபாய் கட்டணும். இங்கே வந்த கோயில்களுக்கு நம்ம மாநிலம் 13.5 லட்சம். சட்டசபையில் ஓட்டெடுப்புக்கே போகாம கொடுக்க வேண்டிய பணம் இது.

ஐ.நா.வில் அந்த உறுதி கிடையாது. பாக்கி ரெண்டு வருஷப் பங்கை எட்டினா பொதுச்சபையில் ஓட்டுரிமை போகும்னு விதி இருக்கு. ஆனாலும் நாடுகள் தாமதமாத்தான் கட்டுறாங்க. அதனால ஐ.நா. செலவைச் சுருக்க வேண்டி வருது.

அப்போ நம்ம ஏற்பாடு மேல்னு தோணும். ஆனா 1956-ல் எழுதின அந்த 13.5 லட்சம் இன்னைக்கும் அப்படியே இருக்கு. இப்போ அது ஒரு காரோட விலை. சுசீந்திரம் மட்டுமில்ல, மாவட்டத்தில் இருக்கிற தேவஸ்வம் கோயில்கள் எல்லாத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதுக்கு மேல அரசு மானியம் கொடுக்குது. ஆனா அது அந்தந்த அரசோட முடிவு. யாரும் உரிமையாக் கேட்க முடியாது.

வயலா இருந்திருந்தா நெல் விலை ஏற ஏற வருமானமும் ஏறியிருக்கும். கோயில் கொடுத்தது நிலம். வாங்கினது மாறாத ஒரு தொகை. வாடகை ஒப்பந்தம் போடுறப்போ, வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும்னு ஏன் எழுதுறாங்கன்னு இப்போ புரியுதா?

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.