அரசமைப்புத் திருத்தத்துக்கு நாம் ஓட்டுப் போடுகிறோமா?

லெம்பா பெர்த்தாம் - அமெரிக்காவில் டெலவேர் தவிர மற்ற 49 மாநிலங்களிலும், மாநில அரசமைப்பை மாற்ற வேண்டுமென்றால் வாக்காளரிடம் கேட்டாக வேண்டும். வேட்பாளர் பெயர்களோடு ‘வேண்டும், வேண்டாம்’ என்ற கேள்வியும் வாக்குச் சீட்டில் இருக்கும். மலேசியாவில் அந்த வழக்கம் இல்லை. இங்கு அந்த முடிவு நாடாளுமன்றத்தில்தான்.

கூட்டரசு அரசமைப்பின் 159ஆவது பிரிவின்படி, பெரும்பாலான திருத்தங்களுக்கு மக்களவை, மேலவை இரண்டிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவு தேவை. மக்களவையில் 222 பேர். அதாவது 148 ஓட்டு. மலாய் மொழி, 153ஆவது பிரிவு போன்றவற்றைத் தொட்டால் ஆட்சியாளர்கள் மாநாட்டின் ஒப்புதலும் வேண்டும்.

148 என்பது வெறும் கணக்கு அல்ல. 2019 ஏப்ரல் 9இல் சபா, சரவாக் நிலை குறித்த திருத்தத்துக்கு 138 ஓட்டே கிடைத்தது. பத்து ஓட்டுக் குறைவால் அது விழுந்தது. 2021 டிசம்பரில்தான் வேறொரு திருத்தம் 199 ஓட்டில் நிறைவேறியது.

அந்த 222 பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது கேமரன் மலை. இந்தத் தொகுதியில் ஓட்டு எவ்வளவு நெருக்கம் என்பது பழைய வாக்காளர்களுக்குத் தெரியும். 2018 பொதுத் தேர்தலில் ம.இ.கா.வின் சி.சிவராஜ் 597 ஓட்டில்தான் ஜ.செ.க.வின் எம்.மனோகரனை வென்றார். தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது. 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் 3,238 ஓட்டு வித்தியாசத்தில் வென்று, மக்களவையின் முதல் பூர்வக்குடி உறுப்பினரானார். ஒரு தோட்டத்து லயங்கள் சேர்ந்தாலே 597ஐத் தொட்டுவிடலாம்.

அதே ஆண்டு ஜூலை 16இல், வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆக்கும் திருத்தம் 211 ஓட்டில், ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. 2021 டிசம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. தானியங்கிப் பதிவும் சேர்ந்ததால், 2018இல் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது.

இங்கேதான் தோட்டப் பிள்ளைகளுக்குச் சிக்கல். பதிவு அடையாளக் கார்டு முகவரிப்படி நடக்கிறது. கோலாலம்பூரில் வேலை செய்பவரின் கார்டில் தோட்ட முகவரி இருந்தால், ஓட்டும் மலையில்தான். பஸ் ஏறி வந்தால்தான் உண்டு. பெயர் பதிவான பிறகு வீடு மாறியவர், கார்டில் முகவரியை மாற்றியதோடு நில்லாமல் தேர்தல் ஆணையத்திடமும் தொகுதி மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

சிவப்புக் கார்டுக்காரர்களுக்கோ ஓட்டே இல்லை. ஆனால் 2024 அக்டோபர் 17இல் மக்களவை 206 ஓட்டில் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தம் அவர்களையே தொடுகிறது. அது மலேசியத் தாய்மார் வெளிநாட்டில் பெறும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை வழியைத் திறந்தது. நிரந்தரவாசிகளுக்கு இங்கு பிறக்கும் பிள்ளைகளின் தானியங்கிக் குடியுரிமையையோ நீக்குகிறது. அந்தக் குடும்பங்களுக்காகப் பேச வேண்டியவர், ஓட்டுள்ள அண்டை வீட்டார் அனுப்பும் உறுப்பினர்தான்.

தம் பெயர் எந்தத் தொகுதியில் உள்ளது என்பதை அடையாளக் கார்டு எண்ணைக் கொண்டு தேர்தல் ஆணையத்தின் ‘மைஎஸ்பிஆர் செமாக்’ அகப்பக்கத்தில் பார்க்கலாம்.