பதுவா நகரத்துச் சிறு கதவுகள்

இத்தாலியின் வடபாகத்தில், வெனிஸ் குடியரசின் ஆதரவிலே செழித்திருந்த பதுவா சர்வகலாசாலையில், 1595-ஆம் ஆண்டு ஓர் அபூர்வமான மண்டபம் கட்டப்பட்டது. நீள்வட்டமான ஆறு வரிசைகள், கிணற்றின் உட்சுவரைப்போல ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக எழும்பின. உட்காருவதற்கு இடமில்லை, செதுக்கு வேலைப்பாடு அமைந்த மரக் கிராதியில் மார்பைச் சாய்த்தவாறு மாணாக்கர்கள் நின்றுகொண்டே கீழே குனிந்து பார்ப்பார்கள். அந்தக் கிணற்றின் அடியில் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு பிரேதம், சுற்றிலும் மெழுகுவர்த்திகளின் வெளிச்சம். பிரேதம் சீக்கிரம் கெட்டுவிடக் கூடாதென்பதற்காகக் குளிர்காலத்தில்தான் பாடம் நடக்கும். பிரேதத்தைக் கீறி உடற்கூறு கற்பிப்பதற்கென நிலையாகக் கட்டப்பட்டு இன்றளவும் எஞ்சியிருக்கும் மண்டபங்களுள் இதுவே மிகப் பழமையானது.

மண்டபத்தின் அதிபதி அக்வபெந்தந்தே என்ற ஊரைச் சேர்ந்த ஃபாப்ரீசியஸ். 1574-லேயே அவர் கைகால்களின் சிரைகளைக் கீறி விரித்துப் பார்த்து, உட்சுவரிலிருந்து பிறை வடிவாகத் தொங்கும் மெல்லிய சவ்வுகளைக் கண்டிருந்தார். பெரும்பாலும் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும் அவற்றை நெடுங்காலம் ஆராய்ந்து, 1603-ல் படங்களோடு ஒரு நூலாக வெளியிட்டபோது, 'சிறு கதவுகள்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லையே அவற்றுக்குப் பெயராகச் சூட்டினார். ஆனால் கதவு என்று பெயர் வைத்த அந்த மகானுக்கு, ஒரே பக்கமாகத் திறக்கும் அந்தக் கதவின் வழியே போகிறவர் எந்தத் திசையிலிருந்து வருகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை!

அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை. உண்ட உணவு ஈரலில் இரத்தமாக மாறுகிறது, அங்கிருந்து சிரைகள் வழியே வெளியே பாய்ந்து, வாய்க்கால் நீர் வயலில் சுவறிப்போவதுபோல அவயவங்களில் சுவறிவிடுகிறது என்று கிரேக்க வைத்தியர் கேலன் எழுதி வைத்துச் சுமார் ஆயிரத்து நானூறு வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தக் கொள்கைப்படி பார்த்தால், இரத்தம் முழுவதும் பாதங்களுக்கு ஓடித் தேங்கிவிடாதபடி தடுத்து, வேகத்தை மட்டுப்படுத்தும் மதகுகளாகத்தான் அந்தச் சவ்வுகள் இருக்க முடியும். ஃபாப்ரீசியஸ் அப்படியே எழுதிவிட்டார்.

இருதயத்திலிருந்து கிளம்பும் மற்றொரு வகை இரத்தக்குழாயான தமனியைப் பற்றிய மயக்கம் இன்னும் பழமையானது. கிரேக்கர்கள் மூச்சுக்குழலுக்கும் தமனிக்கும் ஒரே பெயரை வழங்கினார்கள். நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட 'தமனி' என்ற சொல்லுக்கும் 'ஊதுதல்' என்பதே தாது. பிரேதத்தைக் கீறியவர்களுக்குத் தமனிகள் அநேகமாக வெறுமையாகக் கிடந்ததால், அவற்றில் காற்றுத்தான் ஓடுகிறதென்று கிரேக்கரில் சிலர் முடிவு செய்தார்கள். (சுசுருதர் தமனி 24 என்றும் சிரை 700 என்றும் எண்ணி வைத்தார், அவர் நினைத்த தமனியும் இக்காலத்துத் தமனியும் ஒன்றல்ல.) தமனி வெறுமையாவதற்குக் காரணம் அதன் கட்டமைப்பிலேயே இருக்கிறது. தமனிக்கும் சிரைக்கும் சுவர் மூன்று அடுக்குத்தான் என்றாலும், தமனியின் நடு அடுக்கு தசையாலும் ரப்பர்போல இழுபடும் நார்களாலும் தடித்து, இருதயம் தள்ளும்போது விரிந்து, அது ஓயும்போது சுருங்கி, இரத்தத்தை முன்னே செலுத்திக்கொண்டிருக்கிறது. உயிர் போன பிறகு அந்தச் சுருக்கமே மிச்சமிருப்பதைச் சிரைகளின் பக்கம் தள்ளிவிடுகிறது. சிரையின் சுவரோ மெல்லியது, தொளதொளப்பானது. உயிருள்ளபோதே உடம்பிலுள்ள இரத்தத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் தங்கியிருக்கும்.

கிராதியில் சாய்ந்து நின்ற மாணாக்கர்களுள் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய இளைஞரும் ஒருவர். 1602-ல் பட்டம் பெற்று லண்டனுக்குத் திரும்பியவர், ஆசிரியர் கேட்காமல் விட்ட கேள்வியைக் கையோடு எடுத்துச் சென்றார். அதற்கு விடை, ஐரோப்பாவில் இரத்தம் குத்தி எடுத்த ஒவ்வொரு நாவிதனின் கண்முன்னும் இருந்தது. முழங்கைக்கு மேலே அவன் துணியைக் கட்டினால், கட்டுக்குக் கீழேதான் சிரை புடைக்கும். இரத்தம் மேலிருந்து வருவதானால் மேலே அல்லவா புடைக்க வேண்டும்? இரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டிய நம்மில் எவரும் பார்த்திருப்போம்: ரப்பர் குழாயை இறுக்கிய சிறிது நேரத்தில் முன்கையில் நீலக் கோடு எழும்பி, அதன்மேல் ஆங்காங்கே கரும்புக் கணுவைப்போல முடிச்சுகள் தெரியும். அந்தக் கணுக்கள்தாம் கதவுகள் இருக்கும் இடம். ஒரு விரலால் சிரையை அமுக்கிக்கொண்டு, மற்றொரு விரலால் இரத்தத்தை அடுத்த கணுவுக்கு மேலே வழித்து விட்டால், இடைப்பட்ட பாகம் காலியாகவே கிடக்கும். மேலே போனது திரும்பி வராது. அமுக்கிய விரலை எடுத்தால் கீழிருந்து குபீரென்று நிரம்பும். ஹார்வி தம் நூலில் இந்தச் சோதனையையே, ஆசிரியருடைய படங்களை ஒட்டி வரைந்த கைகளின் சித்திரமாகக் காட்டினார். கழுத்துச் சிரையில் கதவுகள் கீழ்நோக்கித் திறப்பதையும் எடுத்துச் சொன்னார். பாதத்தில் தேங்காமல் தடுக்கும் மதகு என்ற ஆசிரியரின் வாதம் அங்கே உடைந்துபோயிற்று.

பிறகு கணக்குப் போட்டார். துடிப்புக்கு அரை அவுன்ஸ் என்று கொண்டாலும், அரை மணி நேரத்துக்கு ஆயிரம் துடிப்பில் 500 அவுன்ஸ் வெளியேறுகிறது; அவ்வளவு இரத்தம் எந்த உடம்பிலும் இல்லை, எந்த உணவும் அதை உண்டாக்காது. ஆகவே போனதே சுற்றித் திரும்பி வருகிறது. 1628-ல் ஃப்ராங்ஃபர்ட்டில் அச்சான 72 பக்கப் புஸ்தகத்தில் இதைச் சொன்ன பிறகு, மூளை பிசகியவர் என்று பேசி நோயாளிகள் பலர் அவரிடம் வருவதை நிறுத்திக்கொண்டார்களாம்.

ஒரு குறை மட்டும் நின்றது: தமனியின் நுனியிலிருந்து சிரையின் தொடக்கத்துக்கு இரத்தம் எப்படிக் கடக்கிறதென்பதை ஹார்வி யூகித்தாரே தவிரப் பார்க்கவில்லை. 1661-ல் பொலோன்யாவில் மால்பீகி என்பவர் உலர்த்திய தவளையின் நுரையீரலைப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்து, இரண்டையும் இணைக்கும் இழைபோன்ற தந்துகிகளைக் கண்டார். சிவப்பணு ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கியடித்துப் போகும் அளவே அகலமுள்ள, ஒற்றை அணுவடுக்கே சுவரான அந்தக் குழாய்களைக் காண்பதற்காகத் தவளைக் குலத்தையே அநேகமாக நாசம் செய்துவிட்டதாக அவர் நண்பருக்கு எழுதினார். ஹார்வி காலமாகி அப்போது நான்கு வருஷங்கள் ஆகியிருந்தன.