முதுகுளத்தூர் முதல் கொட்டக்கச்சியேந்தல் வரை: தேர்தல் வன்முறையும் சமாதான நிர்மாணமும்

தேர்தலையொட்டி எழும் வன்முறையையும் அதைத் தணிக்கும் சமாதான முயற்சிகளையும் பற்றி இந்நூற்றாண்டில் வெளிவந்த ஆராய்ச்சிகளிற் பெரும்பகுதி ஆப்பிரிக்க நாடுகளின் அனுபவத்தையே ஆதாரமாகக் கொண்டிருக்கிறது. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் கென்யாவில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டதும், 2010-11இல் ஐவரி கோஸ்டில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் உயிரிழந்ததும், 2011இல் வட நைஜீரியாவில் சில தினங்களுக்குள் எண்ணூறு பேர் வரை கொல்லப்பட்டதும் அறிஞர்களின் கவனத்தை அக்கண்டத்தின்பால் ஈர்த்தமை இயல்பே. ஆயினும் கோபி அன்னான் நைரோபிக்குச் சென்று இரு கட்சித் தலைவர்களையும் எதிரெதிரே அமர்த்திய அந்த 2008ஆம் ஆண்டுக்கு அரை நூற்றாண்டு முன்னரே, விருதுநகரும் சிவகாசியும் சாத்தூரும் அருப்புக்கோட்டையும் அடங்கியிருந்த பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில், தேர்தலால் மூண்ட கலகத்தை அடக்கும்பொருட்டு ஒரு மாவட்டக் கலெக்டர் சமாதான மகாநாடு ஒன்றைக் கூட்டினார் என்பதையும், அது கலைந்த மறுநாளே அதில் அமர்ந்திருந்த ஒருவர் கொல்லப்பட்டார் என்பதையும் நாம் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை. சமாதானம் பேச அமர்வோர் ஒருவரையொருவர் சரிசமமான பிரஜைகளாக அங்கீகரிக்காத இடத்தில், தலைவர்களிடம் பெறும் வாக்குறுதி எவ்வளவு நல்லெண்ணத்துடன் பெறப்பட்டாலும் நிலைக்காது. அந்த அங்கீகாரத்தை மனுத்தாக்கல், வாக்குச்சாவடி, எண்ணிக்கை ஆகிய தேர்தல் ஏற்பாடுகளே உத்தரவாதம் செய்யவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1957 பொதுத்தேர்தலில் முத்துராமலிங்கத் தேவர் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் வெற்றி பெற்று, சட்டமன்ற ஸ்தானத்தைத் துறந்தார். அதனால் ஜூலையில் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய பார்வர்டு பிளாக் கட்சியின் சசிவர்ணத் தேவர் வென்றார். மறவர் சமூகம் பெரும்பாலும் பார்வர்டு பிளாக்கின் பக்கமும், நாடாரும் தேவேந்திர குல வேளாளரும் பெரும்பாலும் காங்கிரஸின் பக்கமும் நின்றமையால், வாக்குக் கணக்கு என்பது கட்சிக் கணக்காக மட்டும் இராமல் ஜாதிக் கணக்காகவும் வாசிக்கப்பட்டது. எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது அங்கே யாருக்கும் மறைபொருளாக இருக்கவில்லை. முடிவு வெளிவந்த பின் கிராமங்களில் தொடங்கிய மோதல் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வீடெரிப்பாகவும் கொலையாகவும் பரவியது.

இதைத் தோற்றவர் வென்றவர் சண்டை என்று கொள்வது விஷயத்தின் வேரைத் தவறவிடுவதாகும். ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியோர், பள்ளிப் படிப்பைக் கண்டோர், இரட்டைக் குவளை முறையையும் தெருத் தடையையும் எதிர்த்துக் கூட்டம் கூட்டியோர் என்று ஒரு புதிய தலைமுறை ஒடுக்கப்பட்ட சமூகத்தில் உருவாகிவந்த காலம் அது. செல்லூரில் பிறந்து ராணுவ சேவை முடித்து வந்த இம்மானுவேல் சேகரன் அத்தலைமுறையின் பிரதிநிதி. வயது வந்த எல்லாருக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கு என்று அரசியல் சட்டம் விதித்துவிட்டது. ஊர் வழக்கமோ அதற்கு நேர்மாறான படிவரிசையை விதித்திருந்தது. இவ்விரண்டும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சந்தித்த தருணந்தான் தேர்தல். வன்முறைக்கு வித்து வாக்குப்பெட்டியில் இல்லை. வாக்குப்பெட்டி வெளிப்படுத்திய சமத்துவத்தைச் சகிக்க மறுத்த மனத்தில் இருந்தது.

1957 செப்டம்பர் 10ஆந் தேதி கலெக்டர் சி. வி. ஆர். பணிக்கர் முதுகுளத்தூரில் சமாதான மகாநாட்டைக் கூட்டினார். மறவர், நாடார், தேவேந்திரர் ஆகிய மூன்று தரப்பினரின் பிரதிநிதிகளும் வந்தனர். தேவரும் வந்தார், இம்மானுவேல் சேகரனும் வந்தார். எல்லாரும் அமைதியாக வாழவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. சிக்கல் எழுந்தது வேறோரிடத்தில்: ஒடுக்கப்பட்டோரின் தலைவராக இம்மானுவேல் சேகரனை ஏற்கலாமா என்ற கேள்வியிலும், அனைவரும் ஒரே அறிக்கையில் கூட்டாகக் கையொப்பமிடுவதா என்ற கேள்வியிலும். கூட்டறிக்கை என்ற யோசனை ஏற்கப்படாமல் தனித்தனியே எழுதித் தருவது என்ற அளவில் விவகாரம் முடிந்தது. நிர்வாகத்தின் கண்ணோட்டத்தில் இது ஒரு நடைமுறைச் சமரசம். காகிதம் ஒன்றானால் என்ன, பலவானால் என்ன, வாசகம் சமாதானந்தானே என்று அதிகாரிகள் எண்ணியிருக்கலாம். ஆனால் அன்று தீர்க்கப்படவேண்டிய ஒரே பிரச்சினை அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இடம்பெறும் பெயர்கள் ஒரே தரத்தனவாகிவிடும். அதைத் தவிர்த்துப் பெறப்பட்ட சமாதானம், பிணக்கின் காரணத்தைத் தொடாமல் பிணக்கை மட்டும் நிறுத்தச் சொல்வதாக ஆகிவிட்டது.

மறுநாள், செப்டம்பர் 11 அன்று, பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் படுகொலை செய்யப்பட்டார். 14ஆந் தேதி கீழத்தூவலில் போலீஸார் சுட்டதில் மறவர் ஐவர் இறந்தனர். தேவர் அம்மாத இறுதியில் தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ்க் கைதானார். கொலை வழக்கில் முதல் எதிரியாகச் சேர்க்கப்பட்டு, 1959 ஜனவரியில் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். அந்தத் தீர்ப்பை மறைத்து வரலாறு எழுதுவது எவ்வளவு அநியாயமோ, அவ்வளவு அநியாயம் கீழத்தூவலை மறைத்து எழுதுவதும், கொல்லப்பட்டவர் எதற்காக நின்றார் என்பதை மறைத்து எழுதுவதும். இன்றும் அவ்விரு தலைவர்களின் நினைவு நாட்கள் வரும் செப்டம்பரிலும் அக்டோபர் இறுதியிலும் அம்மாவட்டத்தில் ஊர்வலங்களுக்குத் தடையுத்தரவும் ஆயிரக்கணக்கான போலீஸ் காவலும் வழக்கமாகிவிட்டன. 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் நிகழ்ந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் மீண்டும் உயிர்கள் பலியாயின. 1957இல் விட்டுவைத்த கேள்விக்கு நாம் இன்னும் விலை செலுத்திக்கொண்டிருக்கிறோம்.

தலைவர்களின் உடன்படிக்கை எங்குமே பயனற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பிழை. நைஜீரியாவில் 2015 ஜனவரியில் ஜனாதிபதி வேட்பாளர்கள் அபுஜாவில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர்; மார்ச் இறுதியில் பதவியிலிருந்த குட்லக் ஜொனாதன் தோல்வியை ஒப்பி எதிராளியான புஹாரியைத் தொலைபேசியில் வாழ்த்தினார்; 2011இன் கொடுமை திரும்பவில்லை. கென்யாவிலும் 2008 பிப்ரவரி 28ஆந் தேதி ஜனாதிபதி கிபாகியும் எதிர்க்கட்சித் தலைவர் ஒடிங்காவும் அதிகாரத்தைப் பகிர ஒப்பியதும் கலகம் தணிந்தது. அங்கே போட்டி ஒரே சிம்மாசனத்துக்கு. அதை வென்றவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார், தோற்றவர் எல்லாவற்றையும் இழப்பார் என்ற நிலை. ஆகவே சிம்மாசனத்தைப் பங்கிட்டால் சண்டை நிற்கும். நம் மாவட்டத்தில் பங்கிட வேண்டியிருந்தது பதவியன்று, கௌரவம். அதைத் தலைவர் ஒருவர் தம் சமூகத்தின் சார்பில் கொடுத்துவிடவும் முடியாது. ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு நாளும் அது நடைமுறையில் வழங்கப்படவேண்டும்.

தோல்வியை ஏற்கும் பண்பு இந்த மண்ணுக்கு அந்நியமானதன்று. 1967இல் அகில இந்தியக் காங்கிரஸின் தலைவராகவும் ஒன்பதாண்டுகள் முதலமைச்சராக இருந்தவராகவும் விளங்கிய காமராஜர், தாம் பிறந்த விருதுநகரிலேயே மாணவர் தலைவரான பெ. சீனிவாசனிடம் 1285 வாக்குகளில் தோற்றார். அத்துணை பெரிய மனிதர், அத்துணை சிறிய வித்தியாசம். ஆயினும் அவர் முடிவை ஏற்றார், அரசு அமைதியாகக் கை மாறியது. மேல்தளத்துத் தேர்தல் ஒழுக்கத்தில் தமிழ்நாடு பல நாடுகளுக்கு வழிகாட்டத் தக்கது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். நம் குறை கீழ்த்தளத்தில் இருக்கிறது.

சிவகாசிப் பிரதேசத்தின் சரித்திரம் இங்கே வேறொரு பாடத்தைத் தருகிறது. 1899 ஜூன் 6ஆந் தேதி, கோயில் நுழைவு உரிமையையொட்டிய பகையில் மறவர் பெருங்கூட்டம் சிவகாசியைத் தாக்கிச் சூறையாடியது. அதற்குப் பின் நாடார் சமூகம் தன்னை நிலைநிறுத்திக்கொண்டது உடன்படிக்கையாலன்று. மகமைப் பணத்தால் நடத்திய பள்ளிகளாலும், உறவின்முறை என்ற கட்டுக்கோப்பாலும், 1910இல் தோன்றிய மகாஜன சங்கத்தாலும், வியாபாரத்தாலும். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததிலிருந்து, வானம் பார்த்த பூமியான அந்தக் கரிசல் வட்டாரத்தில் நிலவுடைமையாளரின் தயவை நம்பாத ஒரு கூலி பிறந்தது. விடியற்காலையில் கிராமந்தோறும் வந்து ஆட்களை ஏற்றிச் செல்லும் பட்டாசு ஆலை வண்டிகளைப் பற்றிக் குறை சொல்வதற்கு நிரம்ப உண்டு: அடிக்கடி நிகழும் வெடிவிபத்துகளும், ஒரு காலத்தில் குழந்தைகளின் கைகளை வேலைக்கு வாங்கிய பாவமும் மன்னிக்கத் தக்கவையல்ல. எனினும் வாரக் கூலியை ஊருக்கு வெளியே சம்பாதிக்கும் ஒரு பெண்ணை, யாருக்கு வாக்களிக்க வேண்டுமென்று பண்ணையார் அதட்டுவது முன்போல எளிதன்று என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். பொருளாதாரச் சுதந்திரம் மட்டும் போதாது என்பதற்கும் இவ்வட்டாரமே சாட்சி: தொண்ணூறுகளில் தென் மாவட்டங்களில் மூண்ட ஜாதிக் கலவரம் இராஜபாளையத்தையும் விட்டுவைக்கவில்லை; ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குத் தேவேந்திரர் போற்றும் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியதை எதிர்த்து எழுந்த கொந்தளிப்பின் முடிவில், 1997இல் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் நீக்கியது.

1992இன் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சித் தலைவர் பதவிகளில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கிய பிறகு, 1957இன் கேள்வி நேரே ஊர் மன்றத்துக்கே வந்து சேர்ந்தது. மதுரை மாவட்டத்து மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று, பேருந்தில் வந்துகொண்டிருக்கையில் மேலும் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்னும் மூன்று மதுரை மாவட்ட ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் நடந்தும் நடவாததாயிற்று: மனுத்தாக்கல் செய்ய ஆளிருக்காது, அல்லது ஊர்ப் பெரியவர்களின் கட்டளைப்படி ஒருவர் மனுச் செய்து, வென்று, பதவியேற்றவுடன் ராஜினாமாச் செய்துவிடுவார். அங்கே ரத்தம் சிந்தவில்லை என்பதால் வன்முறை இல்லை என்று எந்த நேர்மையான ஆராய்ச்சியாளரும் எழுதமாட்டார். கத்தியை உறையிலிருந்து எடுக்கத் தேவையில்லாத அளவுக்கு அச்சம் பூரணமாக இருந்தது, அவ்வளவே.

2006 அக்டோபரில் அந்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் நிலைத்தனர். இதனைச் சாதித்தது ஒரே நாளில் கூட்டிய மகாநாடன்று. புதிய அரசு ஒத்திவைப்புக்கு இடந்தராத உறுதி காட்டியது. இடதுசாரிக் கட்சிகளும் தலித் இயக்கங்களும் பல ஆண்டுகள் விடாமல் போராடியிருந்தன. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரனும் அவருடைய அலுவலர்களும் ஊர்களுக்கே திரும்பத் திரும்பச் சென்று இரு தரப்பினரிடமும் பேசினர். முதுகுளத்தூரோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு முக்கியமானது: 2006இல் தலித் ஒருவர் தலைவராகலாமா என்பது பேச்சுவார்த்தைக்குரிய விஷயமாக வைக்கப்படவில்லை. அது சட்டத்தால் முடிந்துபோன காரியம். எப்படி அமைதியாக நடத்துவது என்பது மட்டுமே பேசப்பட்டது. சமத்துவத்தைப் பேரத்தின் பொருளாக்காமல் பேரத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தியதே வெற்றியின் ரகசியம் என்பது என் துணிபு. அவ்வாண்டு நவம்பரில் முதலமைச்சர் கருணாநிதி சென்னையில் அந்நால்வரையும் பாராட்டி விழா எடுத்ததும், மறுக்கப்பட்ட கௌரவத்தைப் பலரறியத் திருப்பித் தந்ததாகவே கொள்ளத்தக்கது.

ஊர் கூடி ஏலம் விட்டுப் பதவியை ஒருவருக்குக் கொடுத்து, போட்டியைத் தவிர்ப்பதைச் சிலர் கிராமிய ஒற்றுமை என்று போற்றுகின்றனர். போட்டி இல்லாத அமைதி எளியவனின் மௌனத்தால் வாங்கப்பட்டது; அதைச் சமாதானமென்று அழைப்பது சொல்லுக்கும் துரோகம், மனிதருக்கும் துரோகம்.

இறுதியாக, எண்ணிக்கையைப் பற்றி. கென்யாவில் 2007இன் கலகத்துக்கு உடனடிக் காரணம், சாவடிகளில் எண்ணப்பட்ட தொகை தலைநகருக்குச் சேர்வதற்குள் மாற்றப்பட்டது என்ற சந்தேகம். ஆகவே அங்கே மருந்து பகிரங்கம்: 2022 தேர்தலில் ஒவ்வொரு சாவடியின் முடிவுப் படிவமும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட்டது. நம் நாட்டில் மத்தியத் தொகையைப் பற்றிய அவநம்பிக்கையைவிடக் கிராமத்தில் எஞ்சியிருக்கும் அச்சமே பெரிது. இங்கே சாவடிவாரியான முடிவே ஆபத்தின் வாயில். ஐந்நூறு, ஆயிரம் பேர் வாக்களிக்கும் ஒரு சாவடியின் தொகை வெளியானால், எந்தக் குடியிருப்பு யாருக்கு அளித்தது என்பதை மறுநாளே ஊரறியும். தனி மனிதரின் வாக்கு ரகசியமாக இருந்தும் காலனியின் வாக்கு அம்பலமாகிவிடும். வாக்குச்சீட்டுக் காலத்தில், தேவையென்று கருதிய இடங்களில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. மின்னணு இயந்திரம் வந்தபின் அப்பாதுகாப்பு மறைந்தது. பல இயந்திரங்களின் தொகையைச் சேர்த்தே காட்டும் கூட்டுக்கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே யோசனையாக முன்வைத்தது. சட்ட ஆணையம் 2015ஆம் ஆண்டின் தன் 255ஆவது அறிக்கையில் அதனைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. கட்சிகளுக்குச் சாவடிக் கணக்கு வேண்டியிருக்கிறது என்பதைத் தவிர அந்த மறுப்புக்கு வலுவான காரணம் எதையும் நான் காணவில்லை.

ஒரு நாட்டின் மருந்து இன்னொரு நாட்டில் நஞ்சாகலாம் என்பதால், கென்யாவின் பகிரங்கமும் நம் நாட்டின் ரகசியமும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல: முகவர்களின் கையொப்பத்தோடு சாவடித் தொகையை முத்திரையிட்டுக் காத்து, வழக்கு வந்தால் மட்டும் நீதிமன்றத்துக்குக் காட்டி, வெளியே கூட்டுத்தொகையை மட்டும் அறிவித்தால் இரண்டும் நிறைவேறும். ஒடுக்கப்பட்டோர் வாழும் ஒவ்வொரு குடியிருப்பிலும், இன்னொரு தெருவைக் கடக்காமல் சென்றடையத் தக்க வாக்குச்சாவடி அமையவேண்டும். ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் மனுத்தாக்கலன்று ஊர்க் கட்டுப்பாட்டை மீறி வரும் வேட்பாளருக்கு, வாக்குப்பதிவு நாளுக்கு அளிக்கும் அதே காவல் அளிக்கப்படவேண்டும். கூட்டுக்கருவியைச் சட்டமன்றத் தேர்தலில் தொடங்கி உள்ளாட்சி வரை கொண்டுவரவேண்டும். இம்மூன்றுக்கும் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றித் தேர்தல் ஆணையத்தையும் மத்திய அரசையும் வற்புறுத்தவேண்டுமென்று, கட்சி வேறுபாடின்றி அதன் உறுப்பினர் அனைவரையும் வேண்டிக்கொள்கிறேன்.