சாம்பல் அணிகள்: போர்க்காலப் போலந்தின் சாரணர் பிரிவுகளும் சீருடைகளும்

சாரணர் பிரிவுகள் என்றால் எங்களுக்குத் தெரிந்தவை குருளைச் சாரணர், சாரணர், திரிசாரணர் என்பவைதான். வயது கூடக் கூடச் சின்னமும் கழுத்துப்பட்டியும் மாறும், அவ்வளவுதான். ஆனால் இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் போலந்தில், ஒரு பிள்ளையிடம் துப்பாக்கியைக் கொடுக்கலாமா என்பதையே இந்த வயதுப் பிரிவுதான் தீர்மானித்தது. பிள்ளைகளை ஒளித்து வைத்த காலத்தைக் கண்டவன் நான். அதனால் இந்த வரலாற்றைச் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியவில்லை.

போருக்கு முன்னர் அங்கே ஆண் சாரணருக்குப் பச்சை கலந்த காக்கி, பெண் சாரணருக்குச் சாம்பல் நிறம். நெஞ்சில் சாரணச் சிலுவை. 1939 செப்டெம்பர் 27 ஆம் திகதி, வார்சோ ஜேர்மனியரிடம் விழும் தறுவாயில், ஆண் சாரணர் தலைவர்கள் கூடி இயக்கத்தைத் தலைமறைவாக நடத்த முடிவெடுத்தார்கள். அதன்பின் சீருடையை வெளியே போட முடியாது. அந்த மறைமுக அமைப்புக்கு வைத்த பெயர் 'ஷாரே ஷெரெகி', அதாவது சாம்பல் அணிகள். பெண்களின் அமைப்பு வேறு பெயரில் தனியாக இயங்கியது.

1942, 1943 காலத்தில் அமைப்பை வயதுப்படி மூன்றாகப் பிரித்தார்கள். 18 வயதுக்கு மேற்பட்டோர் 'தாக்குதல் குழுக்கள்'. 1943 மார்ச் 26 அன்று வார்சோவில் கைதி வண்டியை மறித்து, யான் பிட்னர் என்ற தோழனையும் வேறு கைதிகளையும் மீட்டவர்கள் இவர்களே. சித்திரவதைக் காயங்களால் பிட்னர் நான்கு நாளில் இறந்துபோனார். 15 முதல் 17 வரையானோர் 'போர்ப் பாடசாலைகள்'. பெயர்தான் பெரிது, ஆரம்பத்தில் சுவரில் நங்கூரச் சின்னம் வரைவது, ஜேர்மனியக் கொடிகளைக் கழற்றுவது போன்ற சிறு நாசவேலைகளே இவர்களுடையவை. பிடிபட்டால் அதற்கே உயிர் போகும்.

மூன்றாவது பிரிவுதான் என்னை நிறுத்தியது. 12 முதல் 14 வரையான பிள்ளைகளின் பிரிவுக்கு 'ஸாவிஷா' என்று ஒரு பழைய வீரனின் பெயரை வைத்தார்கள். ஆனால் நடந்துகொண்டிருந்த சண்டையில் அவர்களை இறக்குவதில்லை என்பது விதி. இரகசியமாகப் படிப்பது, முதலுதவி பழகுவது, போர் முடிந்த நாட்டுக்குத் தயாராவது, இவைதான் அவர்களுக்கான வேலை. இயக்கம் தன் வேலையை 'இன்று, நாளை, நாளை மறுநாள்' என்று வகுத்திருந்தது. மூன்றாவது, சுதந்திரமடைந்த நாட்டின் வாழ்க்கை. சாவு தினமும் வாசலில் நின்ற நகரத்தில் இப்படி யோசித்திருக்கிறார்கள்! அமைப்பின் முதல் தலைவர் ஃபுளோரியன் மார்ச்சினியாக்கை 1943 மே மாதம் பிடித்துச் சென்று, பின்னர் கொன்றார்கள்.

1944 ஒகஸ்ட் 1 அன்று வார்சோ எழுச்சி வெடித்தபோது சீருடை என்று ஒன்று இருக்கவில்லை. ஜேர்மனியக் களஞ்சியம் ஒன்றைக் கைப்பற்றி, அதிலிருந்த எஸ்.எஸ். படையின் புள்ளிச் சட்டைகளைப் போட்டுக்கொண்டார்கள். எதிரியின் உடுப்பிலேயே எதிரியோடு சண்டை. அடையாளத்துக்குக் கையில் வெள்ளை, சிவப்புப் பட்டி மட்டும். ஸாவிஷாப் பிள்ளைகளும் அந்தப் பட்டியைக் கட்டிக்கொண்டு தபால் பையோடு ஓடினார்கள். கடிதம் 25 சொல்லுக்கு மேற்படக்கூடாது. கட்டணம் இல்லை, விரும்பினால் காயப்பட்டோருக்குப் புத்தகமோ கட்டுத்துணியோ கொடுக்கலாம். பிரிந்துபோன குடும்பங்களுக்கு 'உயிரோடு இருக்கிறோம்' என்ற ஒரு வரி போதுமாக இருந்தது. அது எவ்வளவு பெரிய வரி என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தபாற்காரப் பிள்ளைகளிலும் சிலர் தெருவிலேயே செத்தார்கள்.

63 நாளில் எழுச்சி அடக்கப்பட்டது. 1983 இல் வார்சோவின் பழைய நகர மதிலருகே இவர்கள் போன்ற சிறுவர்களுக்காக ஒரு சிலை வைத்தார்கள். தலையை மூடும் பெரிய இரும்புத் தொப்பி, அளவில்லாத சப்பாத்து, கையில் இயந்திரத் துப்பாக்கி. தபால் பையோடு ஒரு பிள்ளையை வைத்திருக்கலாமே என்றுதான் அதன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.