கல்பாக்கத்துக் காவலாளியும் திருச்சிக் கணக்கனும்

மாமல்லபுரத்துக் கற்கோயில்களைக் கண்டு, கடலோரமாகத் தெற்கே செல்வோர் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையை அடைவர். அதையடுத்துள்ள ஊர் கல்பாக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் 1971-ஆம் ஆண்டு அணு உலை ஆராய்ச்சிக்கென ஒரு மையம் தொடங்கப்பட்டது. 1985-இல் அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. அங்கு உருவான வடிவமைப்பைக் கொண்டு, 500 மெகாவாட் திறனுள்ள முன்மாதிரி வேக ஈனுலையின் கட்டுமானம் 2004-இல் தொடங்கியது. உலையின் கருவை நிரப்பும் பணி 2024 மார்ச் மாதம் தொடங்கியது.

இவ்வுலையைக் கண்காணிக்க அமைக்கப்பட்ட கணிப்பொறிகளின் மூளை, மோட்டோரோலா 68020 என்னும் நுண்செயலி. அது உலகுக்கு அறிமுகமான ஆண்டு 1984. இத்தனை பழைய சில்லையா அணு உலைக்குக் காவல் வைப்பது என்ற ஐயம் எவருக்கும் எழும். இன்றைய நுண்செயலி ஒன்றை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் விடை கிடைக்கும்.

அன்றைய அரசன்

68020 பிறந்தபோது அது எளிய பொருளன்று. 32 பிட் அகலமுள்ள எண்களை ஒரே வீச்சில் கையாண்டது. ஏறத்தாழ 1,90,000 டிரான்சிஸ்டர்கள் அதில் அடங்கியிருந்தன. 1985-இல் வெளிவந்த சன்-3 வரிசைக் கணிப்பொறிகள் இதைக் கொண்டே இயங்கின. அவ்வரிசையில் வழங்கிகளும் இருந்தன. வழங்கி என்பது பல கணிப்பொறிகளுக்குக் கோப்புகளையும் கணக்கிடும் ஆற்றலையும் பகிர்ந்தளிக்கும் பொதுக் கணிப்பொறி. ஆக, நம் காவலாளியும் ஒரு காலத்தில் வழங்கியின் மூளையாக இருந்தவனே.

இன்றைய வழங்கிக்கு எடுத்துக்காட்டாகத் தமிழ்நாட்டிலுள்ள ஒன்றையே கொள்வோம். திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று 'பரம் பொருள்' என்னும் மீக்கணிப்பொறி தொடங்கி வைக்கப்பட்டது. வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் செய்யவல்லது அது. அதில் வரிசை வரிசையாக அமைந்திருப்பது 2019-இல் வெளிவந்த இன்டெல் ஜியான் கோல்டு 6248 என்னும் நுண்செயலி.

எண்கள் கூறுவது

68020-இன் துடிப்பு, வகையைப் பொறுத்து வினாடிக்கு 1.25 கோடி முதல் 3.3 கோடி வரை. ஜியானின் அடிப்படைத் துடிப்பு 250 கோடி. பழையதில் ஒரே செயலகம், புதியதில் 20. தசம எண்களைப் பெருக்கப் பழையது 68881 என்ற துணைச் சில்லின் உதவியை நாட வேண்டும். ஒரு பெருக்கலுக்குப் பல துடிப்புகள் செலவாகும். புதியதிலோ ஒவ்வொரு செயலகமும் ஒரு துடிப்பில் 32 தசமக் கணக்குகள் வரை முடித்துவிடும். சில்லுக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம் பழையதில் 256 பைட்; புதியதில் 27.5 மெகாபைட், அதாவது ஒரு லட்சம் மடங்குக்கும் மேல்.

ஒன்றில் மட்டும் பழையது சிக்கனக்காரன். அது சுமார் 2 வாட் மின்சாரத்தில் இயங்கும். ஜியானுக்கு 150 வாட் வேண்டும். அந்த வெப்பத்தைப் போக்கப் 'பரம் பொருளில்' குளிர்நீர்மத்தைச் சில்லுக்கு அருகிலேயே ஓடச் செய்கிறார்கள்.

அஞ்சறைப்பெட்டிக் கணக்கு

இத்தனை விரைவிருந்தும் ஜியானைக் காவலுக்கு வைக்காதது ஏன்? நம் சமையலறையில் இதற்கு விளக்கம் உண்டு. கடுகு அஞ்சறைப்பெட்டியில் இருந்தால் நொடியில் தாளித்துவிடலாம். இல்லையேல் பரணைத் தேட வேண்டும். அங்கும் இல்லையேல் கடைக்கு ஓட வேண்டும். விரைவு நினைவகம் அஞ்சறைப்பெட்டி போன்றது. வேண்டிய தகவல் அங்கே இருந்தால் வேலை உடனே முடியும். இல்லாதபோது பன்மடங்கு தாமதமாகும். தவிர, ஜியான் அடுத்த கட்டளை இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து முன்கூட்டியே வேலை செய்கிறது. ஊகம் தவறினால் செய்ததை விலக்கிவிட்டு மீண்டும் தொடங்குகிறது. இதனால் அதன் சராசரி விரைவு வியப்பூட்டும். ஆனால் மிக மோசமான வேளையில் எவ்வளவு நேரமாகும் என்று அறுதியிட்டுச் சொல்வது கடினம். வானிலைக் கணக்குப் போடுவோருக்கு இது பொருட்டன்று. காவலாளிக்கோ இதுவே உயிர்நிலை.

வேக ஈனுலையின் கருவில் 181 எரிபொருள் தொகுதிகள் உள்ளன. அவற்றின் ஊடே உருகிய சோடியம் பாய்ந்து வெப்பத்தை ஏந்திச் செல்கிறது. 397 டிகிரி செல்சியசில் நுழையும் சோடியம் 547 டிகிரியில் வெளியேறுகிறது. ஒரு தொகுதியில் அடைப்பு ஏற்பட்டால் அதன் வாயில் வெப்பம் ஏறும். வெப்பமானிகளின் அளவை ஓயாமல் படித்து, எல்லை மீறியதும் உலையை நிறுத்தச் சொல்வதே கணிப்பொறியின் கடமை. கணக்கு மிக எளியது. ஆனால் விடை குறித்த நேரத்துக்குள் வந்தே தீர வேண்டும். ஊகம் செய்யாத, சிறு நினைவகமுள்ள 68020-இல் அந்த நேரத்தைக் கணித்துச் சொல்லுதல் எளிது.

இக்காவலாளி தனியாகவும் நிற்பதில்லை. ஒரே பணியை மூன்று கணிப்பொறிகள் செய்யும். இரண்டின் தீர்ப்பு ஒத்தால் அதுவே செல்லும். ஒன்று பழுதானாலும் ஆபத்தில்லை, வீணாக உலை நிற்பதுமில்லை. ஆனால் மூன்றிலும் ஒரே தவறு இருந்தால்? 1996 சூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன்-5 ஏவுகணை புறப்பட்டு முக்கால் நிமிடம் ஆவதற்குள் சிதறியது. அளவுக்கு மீறிப் பெரிதான ஓர் எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்க முயன்றதே காரணம். துணைக்கு வைத்த கணிப்பொறியிலும் அதே நிரல் இருந்ததால், அதுவும் அதே இடத்தில் செயலிழந்தது. ஆகவேதான் ஈனுலையில் 9 தண்டுகள் கொண்ட ஒரு நிறுத்த அமைப்பும், வேறு வடிவமைப்பில் 3 தண்டுகள் கொண்ட மற்றோர் அமைப்பும் உள்ளன.

ஊகிக்கும் செயலிகளிடம் மறைந்திருந்த வேறொரு குறையும் 2018 சனவரியில் அம்பலமாயிற்று. தவறிய ஊகங்கள் விரைவு நினைவகத்தில் விட்டுச் செல்லும் தடயங்களைக் கொண்டு, மறைபொருள்களைத் திருட முடியும் என்று ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். 'ஸ்பெக்டர்', 'மெல்ட்டௌன்' எனப்பட்ட இக்குறைகள் பல ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாமல் இருந்தவை. சிக்கலான பொருளில் மறைவிடங்கள் மிகுதி.

நாளைய காவலாளி

எனினும் பழைய சில்லு என்றென்றும் உற்பத்தியில் இராது. வெளிநாட்டுக் கதவும் எப்போதும் திறந்திருப்பதில்லை. 1998-ஆம் ஆண்டு அணுச் சோதனைகளுக்குப் பின் அமெரிக்கா கல்பாக்கம் மையத்தை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2025 சனவரியில்தான் நீக்கியது. இடைப்பட்ட காலம் கால் நூற்றாண்டுக்கும் மேல்!

இங்குதான் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'சக்தி' நுண்செயலித் திட்டம் பொருள் பெறுகிறது. 2018-இல் அதன் ஒரு சில்லு இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்திலும், மற்றொன்று சண்டிகரில் நம் நாட்டு ஆலையிலேயே 180 நானோமீட்டர் நுட்பத்திலும் உருவாயின. இரண்டாவது நுட்பம் பழையது, விரைவும் குறைவு. ஆனால் அதன் வடிவமைப்பும் உற்பத்தியும் நம் கையில் உள்ளன. காவலுக்கு ஆள் தேடும்போது அத்தகுதியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உலையின் வடிவமைப்புக் கணக்குகளுக்குப் பெருங்கணிப்பொறிகள் இன்றியமையாதவை. அவ்வுலையைக் காக்கவோ சொன்ன நேரத்தில் சொன்ன வேலையை முடிக்கும் எளிய கருவி போதும். இரு செயலிகளில் எது சிறந்தது என்று எவரேனும் கேட்டால், எந்த வேலைக்கு என்று முதலில் திருப்பிக் கேட்பதே முறை.